பாதியில் நின்ற தளம்

எங்க கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் கட்டடத்தை இடிச்சு ரெண்டு வருஷம் ஆவுது. புதுசு இன்னும் எழும்பல. பஸ்ல போறவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "இங்க இன்னாமோ இருந்துச்சே"ன்றாங்க. அடுத்த ஸ்டாப் வந்ததும் எறங்கிப் போயிடறாங்க. அந்தக் கட்டடத்துக்குள்ள முப்பத்திநாலு வருஷம் உட்கார்ந்து எழுதினவன் நான். கிளார்க்கா உள்ள போனேன், சூப்பிரண்டெண்டா வெளிய வந்தேன். எனக்கே பெருசா ஒண்ணும் தோணல. காலி மனையைப் பாத்தா கட்டடம் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. அதைப் பெருக்கித் துடைச்ச ஒரு அம்மாதான் வருது. அதுவும் போன வருஷம் போய்ச் சேந்துடுச்சு.

பேரு வேணாம். ஆபீஸ்ல யாரும் அந்தம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. "பெருக்குற அம்மா எங்க?"ன்னா போதும், யாராவது ஹால் பக்கம் கையைக் காட்டுவாங்க.

எடுத்த வேலையை நடுவுல விடாது. கேக்கறதுக்கு நல்ல குணமாத்தான் இருக்கும். கூட இருந்து பட்டாத்தான் தெரியும். நான் சேந்த முதல் வாரம், கமிஷனர் ஹாலுக்கு வராரு, கூட வெளியூர் ஆபீசருங்க நாலு பேரு. அந்தம்மா குறுக்கால துடைச்சுக்கினு இருக்கு.

"யம்மா, கொஞ்சம் நவுந்து நில்லும்மா"ன்னேன்.

தலையை நிமித்தல. "இந்த வரிசை முடியட்டும் சார்."

நாலு ஆபீசரும் வாசப்படியில ஷூவோட கொக்கு மாதிரி நின்னாங்க. வரிசை முடிஞ்சுது. துணியைப் பக்கெட்டுல போட்டுட்டு, "இப்ப வாங்க"ன்னுச்சு. கமிஷனர் அந்தம்மாவை ஒண்ணும் சொல்லல. என்னைத்தான் மொறைச்சாரு.

வீராம்பட்டினம் தேருக்கு ஒரு வருஷம் ஆபீஸ்ல எல்லாரும் சேந்து வேன் புடிச்சுப் போனோம். வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில். கூட்டத்துல பாதிப் பேருக்கு மயக்கம். தேரு பாதித் தெரு வந்ததும் கிளம்பிடலாம்னு டிரைவர் ஹாரன் அடிக்கறான். அந்தம்மா நகரல. "தேரை நடுத்தெருவுல வுட்டுட்டு வரச் சொல்றியா சார்?"னு என்னையே கேக்குது. தேரை என்னவோ இதுதான் தனியா இழுக்கற மாதிரி! வுட்டுட்டு வந்துட்டோம். தேரு நிலைக்கு வந்த பிறகு, ரெண்டு பஸ் மாறி வீடு வந்து சேந்துச்சாம். மறுநாள் காலையில நான் வரும்போது ஹால் ஈரமா இருந்துச்சு, நேரத்துக்கு வந்து துடைச்சு முடிச்சிருந்துச்சு.

அதெல்லாம் சிரிச்சுக்கினே போயிடலாம். புருஷன் செத்த சேதி வந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிள்ல வேர்க்க வேர்க்க வந்தான். அந்தம்மா நின்னு கேட்டுச்சு. "சரி, நீ முன்னால போ, வரேன்"னு அவனை அனுப்பிட்டுக் குனிஞ்சு மிச்சம் இருந்த பாதி ஹாலைத் துடைச்சுது. துணியை அலசிப் புழிஞ்சு ஜாலிச் சுவர்ல காயப் போட்டுச்சு. பக்கெட்டைக் கவுத்து வெச்சுது. அப்புறம்தான் செருப்பைப் போட்டுச்சு. "இன்னா கல்நெஞ்சம்டா சாமி"ன்னு ஆபீஸே பேசுச்சு. நான்தான் அதிகமாப் பேசினேன்.

கட்டடத்தைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். பிரெஞ்சுக்காரன் போன பிறகு கட்டினது அது. அதுக்கு முன்ன மேரி ஒரு ஓட்டுக் கட்டடத்துல நடந்துச்சாம். மேரின்னா கொம்யூன் ஆபீசு, பழைய ஆளுங்க இன்னமும் அப்படித்தான் சொல்லுவாங்க. புது சர்க்காரு, புது மாதிரி இருக்கணும்னு வெளியூர் என்ஜினீயர் ஒருத்தர் பிளான் போட்டாராம். ஓடு கிடையாது, வளைவு கிடையாது, தூண்ல பூ வேலை கிடையாது. மேல தட்டையா ஒரே காங்கிரீட் தளம். முகப்புல வெயிலைத் தடுக்க நெட்டுக்குத்தலா சிமெண்ட் பலகைங்க. பக்கவாட்டுல சுவருக்குப் பதிலா ஓட்டை ஓட்டையா ஜாலி. வாசல்ல தாங்கறதுக்கு ஒரு தூண் கூட இல்லாம நீட்டிக்கினு நிக்கற போர்டிகோ. அதுக்குக் கீழ நிக்கவே ஜனங்க முதல்ல பயந்தாங்களாம். தீப்பெட்டி ஆபீசுன்னு பேரு வெச்சாங்க. ஆனா உள்ள அவ்ளோ பெரிய ஹால்ல நடுவுல தூணே இல்லன்னு கேள்விப்பட்டு, சுத்துக்கேணி மாதிரி ஊருங்கள்லேர்ந்தெல்லாம் வண்டி கட்டிக்கினு வந்து அண்ணாந்து பாத்துட்டுப் போனாங்களாம்.

ஊருக்கு எல்லாம் அந்த ஹால்லதான். கல்யாணப் பதிவு, தடுப்பூசி, கரும்புக்காரங்க கூட்டம், வெள்ளிக்கிழமை ஆனா பென்ஷன் மனு. கோயில்காரங்களும் மாதா கோயில்காரங்களும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒருத்தர் பேனாவை ஒருத்தர் வாங்கிக் கையெழுத்துப் போடுவாங்க. புயல்னா குடிசைக்காரங்க எல்லாம் பாயைச் சுருட்டிக்கினு அங்க வந்துடுவாங்க.

மழை வந்தா ஒழுகும். கண்ட இடத்துல இல்ல. நடு ஹால்ல, இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும், கோடு போட்டாப்ல ஒரே நேரா ஒழுகும். நாங்களும் தார் ஊத்திப் பாத்தோம், தட்டோடு பதிச்சுப் பாத்தோம், எதையோ ஷீட்டு கொண்டாந்து ஒட்டினோம். ரெண்டு மழை தாங்கும், மூணாவது மழையில பழைய கதைதான். ஒழுகறதுக்குக் காரணம் ஊருக்கே தெரியும்னு நாங்க நெனச்சுக்கினு இருந்தோம். தளம் போட்ட மேஸ்திரி சிமெண்டை அடிச்சுட்டாரு. "சிமெண்ட் முழுங்கி"ன்னுதான் அவருக்குப் பேரு. அதுக்கப்புறம் அவருக்கு இந்தக் கொம்யூன்ல யாரும் தளம் போடற வேலை குடுக்கல. மதில் கட்டியும் மாட்டுக்கொட்டாய் பூசியுமே காலத்தை ஓட்டிட்டுச் செத்தாரு. நான் சேரும்போது ஆள் இல்ல, பேரு மட்டும் இருந்துச்சு. மழை பெஞ்சா ஆபீஸ்ல எல்லாரும் ஒரு ரவுண்டு அவரைத் திட்டிட்டுத்தான் டேபிளை நகத்துவோம்.

அந்தம்மா அதுல சேராது. கோட்டுக்குக் கீழ பக்கெட்டு, டப்பா, எண்ணெய் டின்னுன்னு வரிசையா வெக்கும். நிரம்பினதை எடுத்து ஊத்தும். நடுவுல தரையைத் துடைக்கும்.

ஒரு தரம் நானே வாயைக் குடுத்தேன். "ஏம்மா, இது கட்டறப்போ நீ இங்கதான் சித்தாளா இருந்தியாமே. மேஸ்திரி எத்தினி மூட்டை அடிச்சாரு, சொல்லேன்."

"அவரு ஒரு புடி சிமெண்ட் எடுத்ததில்ல சார்."

"அப்புறம் ஏன் ஒழுகுது?"

"மழ பெய்யுது, ஒழுகுது"ன்னுட்டு டின்னைத் தூக்கிக்கினு போயிடுச்சு. சொந்தக்காரரா இருப்பாரு, அதான் விட்டுக்குடுக்காம பேசுதுன்னு நெனச்சேன்.

அறுபது முடிஞ்சு அந்தம்மாவை நிறுத்திட்டாங்க. வேலைக்கு வேற பொண்ணு வந்துச்சு. ஆனா மழைன்னா அந்தம்மா வந்துடும். பிளாஸ்டிக் பையைத் தலையில கவுத்துக்கினு, நனைஞ்ச புடவையோட வந்து டின்னை அடுக்கும். கூலி கிடையாது, யாரும் கூப்பிடறதும் கிடையாது. புதுப் பொண்ணுக்கு வேலை மிச்சம், அதுவும் விட்டுடுச்சு. "மவன் சேதராப்பட்டுல கம்பெனிக்குப் போறான்ல, வீட்ல நிம்மதியா இரேம்மா"ன்னு நான் சொல்லிப் பாத்தேன். "நான் வூட்ல குந்திக்கினு இருந்தா இங்க தண்ணி நின்னுடுமா?"ன்னு கேட்டுச்சு. இந்தம்மாவாண்ட யாரு பேசறது!

அப்புறம்தான் இடிக்கற பேச்சு வந்துச்சு. பேச்சென்ன பேச்சு, மேல முடிவே ஆயிடுச்சு. கண்ணாடி, லிப்டு எல்லாம் வெச்சுப் புதுசா கட்டணும்னு. அந்த ஃபைல் என் டேபிளுக்கு வந்துச்சு, நான்தான் அதுக்கு நம்பர் போட்டு உள்ள அனுப்பினேன். இருந்தாலும் ஒரு கட்டடத்தை இடிக்கணும்னா அது தாங்காதுன்னு ஒரு என்ஜினீயர் எழுதித் தரணும் இல்லயா? அதுக்கு ஆள் வரணும், ஏணி போடணும், தட்டிப் பாக்கணும். முடிவு முன்னால போயிடும், காரணம் மெதுவா பின்னால வரும். ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. ஊர்க்காரங்களுக்கு மட்டும், "அதிகாரிங்க வந்து பாத்துட்டு முடிவு செய்வாங்க"ன்னு நோட்டீஸ் ஒட்டினோம். ஒட்டினதும் நான்தான்.

ஐப்பசி மழை. வெள்ளிக்கிழமை வேற, பென்ஷன் மனுவுக்கு வந்த ஜனங்க ஹால் முழுக்க. என்ஜினீயர் சின்ன வயசு, மரியாதையான பையன். கூட வந்த மேலதிகாரிக்கு வாட்ச்லயே கண்ணு. பையன் ஏணி மேல ஏறி, ஒழுகற கோடு பூரா சுத்தியால தட்டிப் பாத்துட்டு எறங்கினான்.

"காங்கிரீட் நல்லா இருக்கு சார். சிமெண்ட் குறைச்சல்னு சொல்லவே முடியாது. இந்தக் கோட்டுல மட்டும்தான் பிரச்சன. தளம் போடறப்ப நடுவுல நிறுத்தியிருக்காங்க. முதல் நாள் போட்டது இறுகிப் போச்சு, மறுநாள் போட்டது அதோட ஒட்டல."

"ஒட்டலன்னா ஆபத்துதானே? அதையே எழுதிடுங்க"ன்னாரு மேலதிகாரி.

பையன் ஏதோ சொல்ல வந்து என்னைப் பாத்தான். நான் பேனா மூடியைக் கழட்டினேன்.

அந்தம்மா நிரம்பின டின்னோட பக்கத்துலதான் நின்னுச்சு. டின்னை அப்படியே கீழ வெச்சுட்டு, மேலதிகாரிக்கு நேரா வந்துச்சு. "எழுதாத சார்"னுச்சு. "கட்டடத்து மேல தப்பு இல்ல. மேஸ்திரி மேலயும் இல்ல. நடுவுல நிறுத்தினது நானு."

ஹால்ல இருந்த ஜனம் திரும்பிப் பாத்துச்சு. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, நெஜமா சொல்றேன். சீக்கிரம் முடிஞ்சா சாப்பிடப் போலாம்னு இருந்தேன்.

"தளம் போட ஆரம்பிச்சா முடியற வரைக்கும் நிக்கக் கூடாதுன்னு மேஸ்திரி முன்னாலயே சொல்லிட்டாரு சார். காலையில கற்பூரம் ஏத்தி ஆரம்பிச்சோம். பொம்பளைங்க சாரத்துல வரிசையா நின்னு, கலவைச் சட்டியைக் கை மாத்திக் கை மாத்தி மேல ஏத்தறோம். நான் நடுவுல. எனக்கு அப்ப ஏழு மாசம். புடவையை இறுக்கிக் கட்டிக்கினு வந்துட்டேன். மாசமா இருக்கறவள சாரத்துல ஏத்தினது தெரிஞ்சா காண்டிராக்டர் மேஸ்திரியத் தொலைச்சிருப்பாரு. மேஸ்திரிக்குத் தெரியும். தெரிஞ்சும் வுட்டாரு, எங்க வூட்டு நெலம அப்படி. மத்தியானம் வலி வந்துடுச்சு. சட்டி கையில நிக்கல. வரிசையே அறுந்துபோச்சு. அவளுங்க எல்லாம் சட்டியப் போட்டுட்டு என்னத் தூக்கிக்கினு மணல் குமிக்குப் பின்னால ஓடினாளுங்க. ஆம்பளைங்க மேல நின்னு பாத்துக்கினே இருந்தாங்க. கலவ கெட்டியாப் போச்சு. மறுநாள்தான் மிச்சத்தப் போட்டாங்க."

"கொழந்த?"ன்னு கேட்டது என்ஜினீயர் பையன்.

"பொறக்கும்போதே மூச்சு இல்ல. மேஸ்திரிதான் அவரு துண்டுல சுத்தி எடுத்துக்கினு போனாரு. குளத்தாண்ட வழுக்கி வுழுந்துட்டேன்னு எங்க வூட்டுக்காரராண்ட சொன்னேன். வேலைக்குப் போவாத, போவாதன்னு சொல்லிக்கினே இருந்தாரு, எப்படிச் சொல்றது? சாவற வரைக்கும் அவருக்குத் தெரியாது. மேஸ்திரி கெட்ட பேரு எடுத்துக்கினு செத்தாரே ஒழிய, வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. கூட வேல செஞ்சவங்க எல்லாம் வெளியூர் ஆளுங்க, தளம் முடிஞ்சதும் போயிட்டாங்க. புள்ளையும் தங்கல, தளமும் கெட்டுப்போச்சு. அன்னியிலேர்ந்து எதையும் பாதியில வுட்டா எனக்கு ஒடம்பு நடுங்கும் சார். இன்னா பண்ணணுமோ என்னப் பண்ணு. கட்டடத்த வுட்ரு."

மேலதிகாரி தொண்டையைக் கனைச்சாரு. "சரிம்மா, நீங்க போங்க. பாக்கலாம்"னாரு. அந்தம்மா டின்னைத் தூக்கிக்கினு போச்சு. அவரு என் பக்கம் குனிஞ்சு, தணிஞ்ச குரல்ல சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தளம் நடுவில் நிறுத்திப் போடப்பட்டுள்ளது, பொதுமக்கள் கூடுவதற்கு உகந்ததல்ல. என் கையெழுத்து நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க.

அவங்க வண்டி போன பிறகு அந்தம்மா என் டேபிளாண்ட வந்துச்சு. "சொல்லிட்டேன்ல சார். இனிமே வுட்டுடுவாங்கல்ல?"

முடிவான ஃபைலோட நகல் எனக்குப் பின்னால பீரோவுலதான் இருந்துச்சு. "பாக்கலாம்மா"ன்னேன். டீ வந்துச்சு, குடிச்சேன்.

ஹால்ல அத்தனை பேர் கேட்ட சேதி நிக்குமா? சாயங்காலத்துக்குள்ள டீக்கடைக்கு வந்துடுச்சு, ரெண்டு நாள்ல சேதராப்பட்டு கம்பெனி கேட் வரைக்கும் போயிடுச்சு. மகன் நேரா வந்து அந்தம்மாவாண்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம். "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?" தெரியாதுன்னு சொல்லியிருக்கு. அத்தோட அவன் பேசறதை நிறுத்திட்டான். சோறு சாப்பிடுவான், ஒரே வீட்லதான் இருப்பான், பேச்சு மட்டும் கிடையாது. இதெல்லாம் எங்க ஆபீஸ்ல பெருக்கற புதுப் பொண்ணு வந்து சொன்னது. அப்படியான்னு கேட்டுக்கினேன்.

பொங்கல் முடிஞ்சதும் இடிச்சாங்க. நல்ல காங்கிரீட்னு பையன் சொன்னது சரிதான், மெஷின் திணறிப்போச்சு. போர்டிகோ ஒரு நாள் முழுக்க விழல. நாங்க ஒரு வாடகை மாடிக்கு மாறினோம். கொஞ்ச நாள்ல நான் ரிட்டயர் ஆனேன். மாலை போட்டாங்க, பேசினாங்க.

அந்தம்மாவைப் பாக்க மனசு உறுத்திப் போனேன்னு சொன்னா அது பொய். அந்தப் பக்கம் ஒரு சாவுக்குப் போனேன், திரும்பற வழியில வீடு. வாசல்ல உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கினு இருந்துச்சு. ரொம்ப இளைச்சுப் போயிருந்துச்சு.

"இட்ச்சுட்டாங்களே சார்."

"ஆமாம்மா."

"என்னாலதான். நான் ஒருத்தி நின்னதால."

அப்பதான் சொன்னேன். "உன்னால இல்லம்மா. அது மேல முன்னாடியே முடிவானது. ஒழுகலன்னாலும் இடிச்சிருப்பாங்க. வந்து பாத்ததெல்லாம் சும்மா பேருக்கு." சொன்னா அந்தம்மாவுக்குப் பாரம் குறையும்னு நெனச்சேன்.

கீரை ஆயற கை நிக்கல. "எப்ப முடிவாச்சு?"

"அவங்க வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அத்தினி பேர் நடுவுல நின்னு சொல்லச் சொல்ல, நீ பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்த."

"ஆமா."

"சும்மா இரும்மான்னு ஒரு வார்த்த சொல்லி, கையப் புடிச்சு இழுத்திருக்கலாமே சார். நான் வாய மூடியிருப்பேனே. மேஸ்திரி அவ்ளோ பழிய வாங்கிக்கினு சொல்லாத விஷயம். நான் வூட்டுக்காரராண்டயே சொல்லாதது. ஏன் சார் நீ சொல்லல?"

சுத்தி வளைக்க ஒண்ணும் இல்ல. "என் பென்ஷன் பேப்பர் அந்த ஆபீசர் கையெழுத்துக்குப் போயிருந்துச்சும்மா. அவர் முன்னாடி எப்படிப் பேசறதுன்னு இருந்துட்டேன்."

அழும், திட்டும், மண்ணை வாரித் தூத்தும்னு எதிர்பாத்தேன். அதுக்குத் தயாராவும் இருந்தேன். அந்தம்மா தலையை ஆட்டுச்சு. "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"மாசா மாசம் வருதா?"

"வருது."

"செரி, அதுவாவது வருதே"ன்னுச்சு.

கிளம்பலாம்னு பாத்தேன். அந்த நேரம் மகன் ஷிப்டு முடிஞ்சு வந்து பைக்கை நிறுத்தினான். அம்மாவைத் தாண்டி என்னைப் பாத்து, "வாங்க சார், எப்ப வந்தீங்க? குந்துங்க, மூஞ்சி கழுவிக்கினு வரேன்"னு உள்ள போனான். அவன் கால் பட்டு முறத்துலேர்ந்து ரெண்டு கொத்து கீரை கீழ விழுந்துச்சு. அந்தம்மா பொறுக்கிப் போட்டுக்கினு, உள்ள கேக்காத மாதிரி தணிஞ்ச குரல்ல என்னாண்ட சொன்னுச்சு.

"ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ சார். நீ இருந்தா அவன் இங்க குந்திப் பேசுவான். நான் கேட்டுக்கினு இருப்பேன்."

உட்கார்ந்தேன். அவன் ஈர மூஞ்சியோட வந்து எதிர்ல உட்கார்ந்தான். கம்பெனியில ஷிப்டெல்லாம் எப்படிப் போவுதுன்னு கேட்டேன். அவன் சொல்ல ஆரம்பிச்சான்.